அரிசி மூட்டை நூல்

இன்றைக்குக் கொஞ்சம் எழுதவும் செய்கிறேன். ஆனால் தோஹாவில் இருந்த பன்னிரண்டு வருடமும் நான் வெறும் டெய்லர்தான். நஜ்மா என்ற பகுதியில் கீழக்கரைக்காரர் ஒருவர் நடத்திய யூனிஃபார்ம் கடையில் ஐந்து மெஷின்கள். நடு மெஷின் என்னுடையது. கம்பெனிகளுக்குக் கவரால் தைப்போம். மேலும் கீழும் ஒன்றாகச் சேர்ந்த நீல உடுப்பு. அதைப் போட்டுக்கொண்டு நூறு பேர் வரிசையில் நின்றால் சொந்தத் தம்பியைக்கூட அடையாளம் தெரியாது. ஆயிரக்கணக்கில் தைத்தேன், ஒன்றையும் ஆசையாகத் தைக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஆசைப்பட்டு ஒரே ஒரு வேலை செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் புத்தியைச் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். ஊரையே தோண்டிப் போட்டிருந்த காலம். ஒரு நாள் கடைக்கு ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது, குள்ளமான உருவம், மாநிறம், பாதி நரைத்த ஒற்றைப் பின்னல். நர்ஸம்மா என்று நினைத்துப் பக்கத்து மெஷின்காரர் மலையாளத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டு, தான் சிலி நாட்டுக்காரி என்றார். சிலி எங்கே இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவுக்குக் கீழே என்றார் முதலாளி, என்னமோ கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தைச் சொல்வதுபோல.

அவர் கேட்டது வெட்டுத் துணி. நாங்கள் கத்தரித்துத் தரையில் தள்ளுகிற துண்டு துணுக்கு. எதற்கு என்று முதலாளி கேட்டதற்கு, படம் செய்ய என்றார். குப்பை குறைந்தால் சரி என்று முதலாளி தலையாட்டினார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு மாடிப்படி ஏறியது நான்தான். அன்றிலிருந்து அவர் என்னை மாஸ்டர் என்பார், நான் மேடம் என்பேன். என் இங்கிலீஷும் அவருடைய கடைத்தெரு இந்தியும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றன. அவர் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன்.

மேடத்தின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாரையும்போல வந்தார், எல்லாரையும்போல மாட்டிக்கொண்டார். கேஸ் கம்பெனியில் வேலை பார்த்த புருஷனோடு வந்தவர். புருஷன் வேறு வேலை, வேறு நாடு, வேறு பெண் என்று போய்விட்டான். இவர் ஒரு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டச் சொல்லிக்கொடுக்கும் விசாவில் ஒட்டிக்கொண்டார். மீதி நேரத்தில் ஹோட்டல்களுக்குப் படம் வரைந்தார். ஹோட்டல்காரர்கள் கேட்பது மூன்றே மூன்று: குதிரை, பருந்து, பாய்மரக் கப்பல். வீட்டுச் சுவரோரமாகக் குதிரைகள் காய்ந்துகொண்டிருக்கும். வரிசையாக முப்பது குதிரை, முப்பதும் ஒரே பக்கம் ஓடும். எல்லா ரூமுக்கும் ஒரே மாதிரி வேண்டுமாம். உங்கள் கவராலும் என் குதிரையும் ஒன்றுதான் மாஸ்டர் என்பார். அவர் ஒரு குதிரையைக்கூடப் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தவரில்லை.

சொந்த வேலை உள்ளறையில் இருந்தது. கெட்டியான கித்தான் துணியை விரித்து, அதன்மேல் வெட்டுத் துணிகளைக் கையால் தைத்துத் தைத்துச் செய்த படங்கள். தெரு, மலை, வரிசையில் நிற்கும் பெண்கள், எல்லாமே துணி. முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஊரில் கிழிந்த புடவைகளை அடுக்கித் தைத்து மேலே போர்த்திக்கொள்வோம்; இந்த அம்மா சுவரில் மாட்டுகிறாரே என்று நினைத்தேன். பிறகொரு வெள்ளிக்கிழமை அவர் சொன்னார். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது அந்த நாட்டில் ராணுவ ஆட்சி. அப்பாவை வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள், திரும்பி வரவில்லை. அப்படி ஆள் தொலைந்த வீட்டுப் பெண்களெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து, தொலைந்தவர்களின் சட்டையை வெட்டிப் படம் தைத்தார்களாம். இவர் அம்மாவும் தைத்தாராம். அப்பாவின் கால்சட்டையில் மலை, சட்டையில் வானம். போலீஸ் கேட்டால் சும்மா மலைதான் ஐயா என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நாளில் மேடத்துக்கு வெட்டுத் துணி போதாமல் போயிற்று. இது யாரும் போடாத துணி, இதில் ஆள் இல்லை என்றார். போட்டு உழைத்த பழைய கவரால் வேண்டும் என்றார். எங்கள் ரூமில் எட்டுப் பேர். நாங்களும் இண்டஸ்ட்ரியல் ஏரியா கேம்ப்பில் இருந்த தெரிந்தவர்களும் சேர்ந்து இருபது கவரால் சேர்த்தோம். வெளிநாட்டு மேடம் ஒருத்தர் நம்ம துணியைப் படத்தில் வைக்கப்போகிறார் என்று ஒரே பெருமை. கொண்டுபோய்ப் பிரித்தால் இருபதும் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டது. ஒருத்தன் அத்தர் வேறு தெளித்திருந்தான். மேடம் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் கெஞ்சினார்: கழுவாதீர்கள், கறை வேண்டும், வியர்வை உப்பு வேண்டும். கழுவக் கூடாது என்று சொன்னார். தைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. இதை நான் எனக்கே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

எங்கள் ரூமில் என் கட்டிலுக்கு மேல்கட்டில்காரன் அரியலூர்ப் பக்கத்தான். ஸ்கேஃபோல்டிங் வேலை, கட்டடத்தைச் சுற்றிக் குழாய்ச் சாரம் கட்டுகிறவன். கேம்ப்பில் இடமில்லை என்று கம்பெனி சிலரை நஜ்மாவில் வாடகை ரூம்களில் போட்டிருந்தது, அதில் ஒருத்தன். குழாயைத் தூக்கித் தூக்கி அவன் கவராலின் இடது தோள் நைந்து, ஒரு நாள் கையகலத்துக்குக் கிழிந்துவிட்டது. அண்ணே தைச்சுக் குடு என்றான். நாளைக்கு என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். பகலெல்லாம் கவரால் தைத்துவிட்டு ரூமிலும் கவராலா என்று எனக்கு எரிச்சல். கடைசியில் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனே தைத்துக்கொண்டான். எதை வைத்து? பாசுமதி அரிசி மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது சரசரவென்று உருவிக்கொண்டு வருமே ஒரு சிவப்பு நூல், அதை வைத்து. கோணி ஊசியில் கோத்து, நீலத் துணியில் சிவப்பாக, ஒன்று நெட்டையாக ஒன்று குட்டையாக, கம்பளிப்பூச்சி ஊர்ந்ததுபோல ஒரு தையல். அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து தோளைத் தட்டிக் காட்டினான்.

"டெய்லர் ரூம்ல கெடந்தும் என் பொழப்பப் பாத்தியாண்ணே?"

ரூமே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. வருகிற லீவு நாளில் பிரித்து ஒழுங்காகத் தைத்துத் தருகிறேன் என்றேன். அதையும் செய்யவில்லை.

அந்த ஜூன் மாதம் உச்சி வெயிலில் சைட்டில் சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் இதயம் நின்றது என்று எழுதினார்கள். முப்பத்தொரு வயது. நிற்கும்தான், யாருடையதாக இருந்தாலும் கடைசியில் நிற்கும். ஏன் நின்றது என்று எழுத அந்தக் காகிதத்தில் கட்டம் இல்லை. கம்பெனி ஆள் வந்து பெட்டியைக் கட்டிப் பாடியோடு ஊருக்கு அனுப்பினான். அன்றைக்கு அவன் போட்டிருந்த கவரால் ஆஸ்பத்திரியோடு போயிற்று. சிவப்புத் தையல் போட்டது கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது. செத்தவன் துணி, வைத்திருக்கக் கூடாது, தூக்கிப் போடவும் மனசில்லை. கதவைச் சாத்தும்போதெல்லாம் யாரோ பின்னால் நிற்பதுபோல இருக்கும். ஒருத்தரும் அதைத் தொடவில்லை.

மேடத்திடம் நான்தான் சொன்னேன். வந்து பார்த்தார். ஆணியிலிருந்து எடுத்து மடியில் போட்டு அந்தத் தையலை விரலால் எண்ணினார். பதினேழு. இங்கே இழுத்துக் கட்டியிருக்கிறான், கோபம். இங்கே தளர்ந்திருக்கிறது, தூக்கம் வந்துவிட்டது என்றார். ரேகை பார்க்கிறவர் மாதிரி சொல்லிக்கொண்டே போனார். அவர் அப்போது பெரிய படம் ஒன்று தைத்துக்கொண்டிருந்தார். இரட்டைக் கட்டில் அகலம். நாங்கள் கொடுத்த கவரால்களை வெட்டி, வானம் முட்டும் கட்டடங்களாக அடுக்கியிருந்தார். பாக்கெட்டெல்லாம் ஜன்னல். முழுக்க நீலம்; வெளுத்த நீலம், சிமெண்ட் பட்ட நீலம், எண்ணெய் பட்ட நீலம். நடுவில் மட்டும் ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். எதற்கென்று அதுவரை அவருக்கே தெரியாதாம். இந்தத் தோளை வெட்டாமல் அப்படியே அங்கே வைப்பேன், படம் முழுவதிலும் சிவப்பு இது ஒன்றுதான் இருக்கும் என்றார். ஐந்து வருடம் குதிரை வரைந்தது இதற்காகத்தான் என்றும் சொன்னார். ஆனால் அவன் பெண்டாட்டியைக் கேட்காமல் தொட மாட்டேன், நீங்கள் கேளுங்கள் என்றார்.

ஊருக்குப் போன் போட்டேன். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது பாதிதான் புரிந்தது. படத்தில் வைப்பார்கள், பெரிய ஹோட்டலில் மாட்டுவார்கள், பெரிய மனிதர்கள் வந்து பார்ப்பார்கள் என்றேன். கிழிசல் இருக்கிற துணியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"கிழிஞ்சதயா நாலு பேரு முன்னால மாட்டுவீங்க? நீங்க டெய்லருன்னு அவரு சொல்லிருக்காரு. நல்லாத் தச்சுட்டாவது குடுங்கண்ணே."

தைத்துத் தருகிறேன்மா என்றேன். சத்தியமாக, அழுதுகொண்டே சொன்னேன்.

அவள் சம்மதித்தாள் என்று மட்டும் மேடத்திடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவர் அந்தத் தோள் பாகத்தைக் கடைக்கு அனுப்பினார். தோளில் துணி இரட்டை மடிப்பு, அடியில் ஒரு கித்தான் துண்டு வேறு. அவர் கை ஊசி இறங்காது. ஓரத்தை மட்டும் என் மெஷினில் ஓட்டித் தரவேண்டும். அவ்வளவுதான் வேலை. பத்து நிமிடம்.

அன்றைக்குக் கடையில் கூட்டமில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்பு நூலைப் பார்க்கப் பார்க்க அவன் தோளைத் தட்டிக் காட்டியது ஞாபகம் வந்தது. பெரிய மனிதர்கள் வந்து இந்தக் கம்பளிப்பூச்சியைப் பார்ப்பார்கள், செத்தும் அவனுக்கு மானக்கேடா என்று நினைத்தேன். அந்தப் பெண் கேட்டதை நினைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று சொன்ன என் வாயை நினைத்தேன். சின்னக் கத்தரியை எடுத்துப் பதினேழு தையலையும் பிரித்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு டார்னிங் நான் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. டார்னிங் என்றால் ஒட்டுப் போடுவது அல்ல. அதே துணியிலிருந்து இழை உருவி, கிழிந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டித் திரும்ப நெய்துவிடுவது. புது இழை போட்டால் கறுப்பாகத் தெரியும் என்று, அதே வெயிலில் அதே அளவுக்கு வெளுத்திருந்த காலர் மடிப்பிலிருந்து இழை உருவினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. முடித்து விளக்கில் காட்டினால் கிழிந்த சுவடே இல்லை. முதலாளி வந்து தடவிப் பார்த்துவிட்டு, மாஷா அல்லாஹ் என்றார். அந்தச் சாயங்காலம் முழுக்க எனக்குச் சந்தோஷம். அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன் என்று நிம்மதி. நானே எடுத்துக்கொண்டு போய் மேடத்திடம் கொடுத்தேன், பாராட்டுவார் என்று பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

மேடம் துணியைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். வேறு துண்டைக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்தார்போல. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நூல் எங்கே, மாஸ்டர்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேரும் கடைக்கு ஓடினோம். பெருக்கிய குப்பையை முனிசிபாலிட்டி வண்டி எடுத்துப்போயிருந்தது. கலாஸ் பாய், மாஃபி, எல்லாம் போச்சு என்று துடைப்பக்காரர் கையை விரித்தார். மேடம் குனிந்து மெஷினுக்கு அடியில் தேடினார், மிதியைத் தூக்கித் தேடினார். ஒரு சிவப்பு இழைகூட இல்லை. ரூமில் அரிசி மூட்டை நூல் இருக்கிறது மேடம், அதேபோலத் திரும்பப் போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்.

"நீங்க போட்டா அது உங்க தையல். அவன் கை வேற எங்கேயும் இல்ல."

ஆனாலும் அன்று ரூமுக்குப் போய் ஒரு பழைய துணியில் போட்டுப் பார்த்தேன். கோணலாகத்தான் தைக்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன். பன்னிரண்டு வயதில் ஊசி பிடித்த கை. எப்படிப் போட்டாலும் ஒரே சீராக வந்தது. தூக்கிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன்.

மேடம் அந்தத் தோளை நடுவில் வைத்துத்தான் படத்தை முடித்தார். வைக்க வேறொன்றும் இல்லை. ஒரு பெரிய ஹோட்டலின் லாபியில் கண்காட்சி. ரூம் ஆட்களும் வருகிறேன் என்றார்கள், வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். என்னை மட்டும் மேடம் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அவர் வரைந்த குதிரைகள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தன, துணிப் படம் தனியாக ஒரு மூலையில் தொங்கியது. கோட்டு போட்ட ஒருவர் வந்து அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். அரியலூர்க்காரன் வேலை பார்த்த அதே கம்பெனியின் பெரிய மேனேஜர். எங்கள் கடையில் யூனிஃபார்ம் ஆர்டர் கொடுக்க வரும்போது பார்த்திருக்கிறேன். அவருக்கு என்னைத் தெரியாது. நம்ம கம்பெனி கவரால்தானே, எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது, எவ்வளவு மரியாதையாகச் செய்திருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் மேடத்திடம் பாராட்டினார். தலைமை ஆபீஸுக்கு வேண்டும் என்றார்.

மேடத்தால் மறுக்க முடியாது. மாட்டிய படம் எல்லாம் விற்பனைக்கு என்று ஹோட்டல் காகிதத்தில் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார். இந்த ஊருக்கு வந்த எல்லாருமே ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தானே வந்தோம். கோட்டுக்காரர் நகர்ந்ததும் மேடம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அந்தச் சிவப்பு நூல் இருந்திருந்தா இந்த ஆள் பக்கத்துலயே வந்திருக்க மாட்டான், மாஸ்டர்."

வெளியே வந்து ரூம் ஆட்களிடம், படம் நன்றாக இருக்கிறது, விலை போய்விட்டது என்றேன். கை தட்டினார்கள். அரியலூருக்கும் போன் போட்டுச் சொன்னேன். கிழிசல் தெரியலையே அண்ணே என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். ரொம்பப் புண்ணியம்ணே என்று அழுதாள். அந்த ஒரு போன் மட்டும் இல்லையென்றால் எனக்கு என்மேல் கோபப்பட எளிதாக இருந்திருக்கும்.

மேடம் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. கோபமில்லை, தெருவில் பார்த்தால் நின்று பேசுவார். துணி மட்டும் கேட்கவில்லை. அடுத்த வருடம் நர்சரிப் பள்ளி விசாவைப் புதுப்பிக்கவில்லை. கிளம்புவதற்கு முன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். அப்போதும் ஐந்தாறு குதிரை விற்காமல் கிடந்தன, முதலாளி கேட்டு ஒன்றை வாங்கிக் கடையில் மாட்டினார். ஊருக்குப் போய் என்ன செய்வீர்கள் மேடம் என்று கேட்டேன். தைப்பேன் என்றார். என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார், நல்ல கை மாஸ்டர் என்றார். அது பாராட்டா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதற்கும் பிறகு ஒரு நாள் அந்தக் கம்பெனியின் தலைமை ஆபீஸில் டிரைவர்களுக்கும் காவலாளிகளுக்கும் அளவெடுக்க முதலாளி என்னை அனுப்பினார். ரிசப்ஷன் சுவரில் கண்ணாடிக்குள் படம். மேலே இரண்டு விளக்கு. கீழே பித்தளைத் தகட்டில் எங்கள் உழைப்பாளிகளுக்கு நன்றி என்று இங்கிலீஷிலும் அரபியிலும் எழுதி, கம்பெனியின் பெயரைப் போட்டிருந்தார்கள். மேடம் பெயர் இல்லை. அவன் பெயர் எப்படி இருக்கும்?

பக்கத்தில் போனேன். கண்ணாடியில் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று அந்த இடத்தைத் தேடினேன். நடுவில் தோள் இருந்தது. கிழிசல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கையகலக் கிழிசல். நானே பிரித்தேன், நானே நெய்தேன். அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நீலம்தான் இருந்தது.

என்ன பாய் தேடுகிறீர்கள் என்று ரிசப்ஷனில் இருந்த பெண் இந்தியில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். முதல் டிரைவர் கையை விரித்துக்கொண்டு அளவு கொடுக்க வந்து நின்றார். டேப்பை எடுத்து அவர் இடது தோளில் வைத்தேன்.